துலக்கும் முன் படிக்க வேண்டிய வண்டி

பழைய பாத்திரக் கடையிலிருந்து ஒரு பித்தளைத் தவலையை வாங்கி வந்தால் கை தானாகப் புளியைத் தேடும். வீட்டுப் பெரியவர்கள் அப்படி விடமாட்டார்கள். முதலில் கவிழ்த்துப் பார் என்பார்கள். அடியில் செய்தவர் முத்திரை இருக்கிறதா? விளிம்பில் பெயர் வெட்டியிருக்கிறதா? உள்ளே எத்தனை முறை ஈயம் பூசியிருக்கிறார்கள்? வயிற்றில் ஒட்டு உண்டா? வெளிப்புறம் எனாமலில் எண் எழுதிய தடம் தெரிகிறதா? பெயர் இருந்தால் அது ஒரு வீட்டுச் சீர். எண் இருந்தால் கல்யாண வீடுகளுக்கு வாடகைக்குப் போய்வந்த பாத்திரம். இரண்டும் இருந்தால், சீராக வந்தது ஒரு கஷ்டகாலத்தில் கடைக்குப் போயிருக்கிறது. புளி போட்டுத் தேய்த்த பிறகு இந்தக் கதையில் பாதி சாக்கடையோடு போய்விடும்.

பட்டாளத்தில் உழைத்து ஏலத்துக்கு வந்த ஒரு பிக்கப் வண்டியின் பணி வரலாற்றைத் தேடுவதும் கிட்டத்தட்ட இதே வேலைதான். எந்தப் படைப்பிரிவில் இருந்தது, எந்த ஊரில் ஓடியது, யார் கையில் எப்போது மாறியது என்று அறிய விரும்புகிறவர்கள் முதலில் ஏதோ ஓர் அலுவலகத்தில் அந்த வண்டிக்கென்று ஒரு தடித்த கோப்பு காத்திருப்பதாக நம்புகிறார்கள். அமெரிக்க வண்டிகளைப் பொறுத்தவரை அப்படி ஒரு கோப்பு அநேகமாகக் கிடைக்காது. வரலாறு வண்டியின் மேலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் துலக்கும் முன் படிக்க வேண்டும்.

எடுத்துக்காட்டுக்கு ஒரே வண்டியைப் பிடித்துக்கொள்வோம்: எம்1008. 1980களில் அமெரிக்கப் படைகளுக்காக ஜெனரல் மோட்டார்ஸ் செய்த செவ்ரலே பிக்கப். போர்க்களத்துக்கென்று புதிதாக வடிவமைத்த வண்டியல்ல இது. கடையில் விற்ற வண்டியையே வாங்கி, பட்டாளத்துக்குத் தேவையானதை மட்டும் சேர்த்தார்கள். அடுக்களை மொழியில் சொன்னால், வீட்டுக் குழம்பைப் பந்திக்கு ஏற்றபடி காரம் கூட்டி இறக்கியது. இதே குடும்பத்தில் பிளேசர் உடலில் எம்1009, ஆம்புலன்ஸாக எம்1010, தகவல் தொடர்புக் கூண்டு சுமக்கும் எம்1028 என்று பல வடிவங்கள் உண்டு. மொத்தம் சுமார் 70,000. எஞ்சின் 6.2 லிட்டர் வி8 டீசல்.

இந்த வண்டிக்கு எண்கள் மூன்று. தேடலில் குழப்பம் பெரும்பாலும் இவற்றைக் கலப்பதால்தான் வருகிறது.

முதல் எண் தொழிற்சாலை போட்டது. தவலையின் அடியில் இருக்கும் செய்தவர் முத்திரை மாதிரி. 17 இடங்கள் கொண்ட வண்டி அடையாள எண் இது. ஓட்டுநர் பக்கம் கண்ணாடிக்குள் டேஷ்போர்டின் மேல் தெரியும். இதில் எட்டாவது இடத்தில் 'ஜே' இருந்தால் கனரக 6.2 டீசல் எஞ்சின். பத்தாவது இடம் மாடல் ஆண்டு: 'இ' என்றால் 1984, 'எஃப்' 1985, 'ஜி' 1986, 'எச்' 1987. பதினோராவது இடத்தில் 'எஃப்' என்பது மிச்சிகனிலுள்ள ஃபிளின்ட் தொழிற்சாலை. இந்த எண் வண்டி பிறந்ததைச் சொல்லும், வாழ்ந்ததைச் சொல்லாது.

இரண்டாவது எண் ராணுவம் கொடுத்த பதிவெண். விளிம்பில் வெட்டிய பெயர் இதுதான். வண்டி டெக்சஸிலிருந்து ஜெர்மனிக்குப் போனாலும், ஒரு பிரிவிலிருந்து இன்னொன்றுக்கு மாறினாலும் இந்த எண் மாறாது. உலோகத் தகட்டில் இதைத் தேடுங்கள். வண்டிக்குள் பதித்திருக்கும் அந்தத் தகடு ஒரு சிறு ஜாதகம். வண்டியின் பெயர், தொடரெண், ஒப்பந்த எண், ராணுவத்திடம் ஒப்படைத்த நாள் எல்லாம் அதில் வரும். ஒப்பந்த எண் 'டிஏஏஇ07' என்று தொடங்கினால், வாங்கியது மிச்சிகனில் வாரன் நகரிலிருந்த ராணுவ டாங்கி-வாகனக் கட்டளையகம். அதையடுத்த இரண்டு இலக்கங்கள் ஒப்பந்தம் போட்ட நிதியாண்டு. ஆக ஒரே வண்டிக்கு ஒப்பந்த ஆண்டு, மாடல் ஆண்டு, ஒப்படைத்த நாள் என்று மூன்று காலங்கள் இருக்கலாம். பாத்திரம் வார்த்த நாளும், அதைக் கடையில் வாங்கிய நாளும், 'இன்னாருக்குக் கல்யாணச் சீர்' என்று வெட்டிய நாளும் வேறு வேறாக இருப்பதைப் போலத்தான். ஒன்றுக்கொன்று முரண் என்று பதற வேண்டியதில்லை.

மூன்றாவது எண்தான் தேடுகிறவர்கள் ஏங்குவது: பம்பர் எண்.

வாடகைப் பாத்திரக் கடைக்காரர் அண்டாவின் கழுத்தில் கடைப் பெயரின் முதலெழுத்துகளையும் ஒரு வரிசை எண்ணையும் எழுதி வைப்பார். ஒரே மண்டபத்தில் இரண்டு கடைகளின் பாத்திரங்கள் கலந்துவிட்டால் விடியற்காலை நான்கு மணிக்குப் பிரித்தெடுக்க வேண்டுமே. படையும் அதைத்தான் செய்தது. பம்பரை எதிரே நின்று பார்த்தால் இடப்பக்கம் பெரிய பிரிவும் அதற்குள்ளான சிறு பிரிவும் இருக்கும். வலப்பக்கம் கம்பெனியும் வண்டியின் வரிசை எண்ணும். இடப்பக்கம் '82 ஏபிஎன்', '1-325 ஐஎன்' என்றும் வலப்பக்கம் 'பி 14' என்றும் இருந்தால் இப்படிப் படிக்க வேண்டும்: 82ஆவது வான்வழிப் படைப்பிரிவு, 325ஆவது காலாட்படை ரெஜிமென்டின் முதல் பட்டாலியன், பி கம்பெனி, அதில் 14ஆம் வண்டி. அந்தப் பிரிவின் தாயகம் வட கரோலினாவின் ஃபோர்ட் பிராக் என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. ஒரே வரியில் ஊரும் கூட்டமும் கிடைத்துவிட்டது. இந்த எழுத்துகளை எங்கே, எந்த அளவில், எந்த நிறத்தில் போட வேண்டும் என்று ராணுவம் 'டிபி 43-0209' என்னும் தொழில்நுட்பக் கையேட்டில் வரையறுத்திருக்கிறது. அது கையில் இருந்தால் ஒரு மங்கிய அரை எழுத்தைக்கூட முழுதாக்கிப் படிக்க முடியும்.

ஆனால் பம்பர் எண் அந்தப் பிரிவுக்குத்தான் சொந்தம், வண்டிக்கல்ல. வண்டி கைமாறினால் பழைய எண்ணை அழித்துப் புதியதை எழுதுவார்கள். பி கம்பெனிக்கு வேறு ஒரு பிக்கப் வந்தால் அதுவும் 'பி 14' ஆகும். பழைய புகைப்படம் ஒன்றில் அதே எண்ணைப் பார்த்துவிட்டு 'இது என் வண்டி' என்று சொல்வதற்குமுன் சற்றுப் பொறுக்க வேண்டும். கடை எண் ஏழு கொண்ட அண்டா பத்து வருடத்துக்குமுன் ஒரு கல்யாணத்தில் இருந்தது என்றால், அது இன்றைய ஏழாம் எண் அண்டாதானா என்று கடைக்காரரைத்தான் கேட்க வேண்டும்.

இனி பெயிண்ட். இங்கேதான் நிதானம் வேண்டும், நேரமும் வேண்டும். ஒரு வண்டியின் முழுக் கதையும் சில மில்லிமீட்டருக்குள் அடங்கியிருக்கும் இடம் இது.

பழைய அடுக்களைச் சுவரைச் சுரண்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மேலே வெள்ளை, அதன்கீழ் நீலம், அதன்கீழ் விறகடுப்புக் காலத்துக் கரி, அதற்கும் கீழே முதல் சுண்ணாம்பு. வண்டியும் அப்படித்தான். எம்1008களில் பெரும்பாலானவை பச்சை, பழுப்பு, கறுப்பு என மூன்று நிறக் காட்டுப் புள்ளிகளோடு இருந்தன. 1990-91 வளைகுடாப் போரின்போது பாலைவன மணல் நிறம் அவசரமாகப் பூசப்பட்டது. ராணுவத்துக்குப் பின் தீயணைப்பு நிலையத்துக்குப் போயிருந்தால் சிவப்போ மஞ்சளோ மேலே இருக்கும். அடுக்குகளின் வரிசைதான் சம்பவங்களின் வரிசை.

கருவி எதுவும் தொடும் முன் இரவில் ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு போங்கள். பம்பருக்கும் கதவுக்கும் நேராக அடிக்காமல், தோசைக்கல்லின் மட்டம் பார்ப்பதைப்போல ஓரத்திலிருந்து சாய்த்து அடியுங்கள். பூச்சுக்குப் பூச்சு மூடியிருந்தாலும் ஸ்டென்சிலில் அடித்த பழைய எழுத்தின் விளிம்பு ஒரு மெல்லிய மேடாக நிற்கும். சாய்ந்த வெளிச்சத்தில் அதன் நிழல் விழும். வண்டியைத் தொடாமலேயே ஒரு எண் கிடைத்துவிடக்கூடும். உடனே படம் எடுத்துவிடுங்கள்.

இதற்குப் பிறகும் படிக்க முடியாவிட்டால் மட்டும் மேல்பூச்சை நீக்கலாம். இதற்குப் பலர் கையாளும் பொருள் அடுக்களையிலிருந்தே வருகிறது: அமெரிக்க வீடுகளில் ஓவன் அடுப்பைச் சுத்தம் செய்யப் பயன்படுத்தும் ஸ்ப்ரே. அதிலுள்ள காரம் பிசுக்கையும் கரியையும் கரைப்பதைப்போல, பின்னால் பூசிய சாதாரண எனாமலையும் இளக வைக்கும். அடியில் ராணுவம் பூசியது வேறு ரகம். ரசாயன ஆயுதம் பட்டாலும் உள்வாங்காத, இரண்டு கூறுகளைக் கலந்து இறுகவைத்த பாலியூரித்தேன் பூச்சு. அது எளிதில் அசையாது. பொங்கலின் மேல் ஊற்றிய நெய்யை வழித்தெடுப்பதுபோல மேலடுக்கை மட்டும் வழித்தெடுக்க முடிவது இதனால்தான். உள்ளங்கை அளவு இடத்தில் முதலில் சோதித்துப் பாருங்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அலுமினியப் பாகங்களில் அது படக்கூடாது. அந்த ராணுவப் பூச்சை உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்துப் புழுதி கிளப்புவதோ, தீயால் சூடாக்கி உரிப்பதோ வேண்டாம். அந்தப் புழுதியும் புகையும் நுரையீரலுக்குக் கெடுதல். தேய்த்தே ஆக வேண்டுமென்றால் தண்ணீர்விட்டு, முகமூடி போட்டு, மெதுவாக.

மணல் நிறம் தெரிந்ததும் 'குவைத்துக்குப் போன வண்டி' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். மணல் நிறம் ஒரு சாட்சி மட்டும்தான், தீர்ப்பாகாது. கலிஃபோர்னியாவின் மோஹாவி பாலைவனத்தில் ஃபோர்ட் இர்வின் பயிற்சி மையம் இருக்கிறது. மணல் நிறம் அங்கேயும் பொருந்தும். சேசிஸின் உட்பக்கம், கதவின் மடிப்பு, இருக்கையின் அடி இங்கெல்லாம் அதே நிறம் இருக்கிறதா என்று பாருங்கள். வெளித் தகடுகளில் மட்டும் இருந்தால் அவசரத்தில் பூசியிருக்கிறார்கள், அல்லது பின்னால் வாங்கிய ஒருவர் ஆசைக்குப் பூசியிருக்கிறார்.

அடுத்து எஞ்சின். தவலைக்கு மூடி மாறிப்போவதைப்போல வண்டிக்கு எஞ்சின் மாறும். பட்டாளப் பட்டறையில் பழுதானதை இறக்கிவிட்டு அலமாரியில் இருப்பதை ஏற்றுவது அன்றாட வேலை. ஜெனரல் மோட்டார்ஸ் எஞ்சின் வார்ப்பில் ஒரு தேதிக் குறி இருக்கும்: முதலில் மாதத்துக்கு ஓர் எழுத்து, ஜனவரிக்கு 'ஏ', பிப்ரவரிக்கு 'பி' என்று போகும். அடுத்து நாள், அடுத்து ஆண்டின் கடைசி இலக்கம். தகட்டில் வண்டி ஒப்படைத்த நாளுக்குப் பிந்தைய தேதி வார்ப்பில் இருந்தால் எஞ்சின் மாறியிருக்கிறது. அதை இழப்பாக நினைக்க வேண்டாம். பணிக்காலத்தில் ஒரு பெரிய பழுது நடந்தது என்பதற்கு அதுவே பதிவு.

மின்சாரமும் பேசும். இந்த வண்டியில் 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டு, ஆல்டர்னேட்டர்களும் இரண்டு. இரண்டு குடங்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, இரண்டின் உயரத்திலிருந்தும் தண்ணீரை இறக்கினால் அழுத்தம் இரட்டிப்பாகும். எஞ்சினைக் கிளப்பும் ஸ்டார்ட்டருக்கு அந்த 24 வோல்ட். விளக்கு முதலியவற்றுக்குக் கீழ்க்குடத்திலிருந்து மட்டும் பிடித்துக்கொள்ளும் 12 வோல்ட். முன்புறக் கிரில்லில் இருக்கும் பெரிய சாக்கெட், வேறொரு ராணுவ வண்டியிலிருந்து மின்சாரம் கடன் வாங்குவதற்கு. இது அக்கம்பக்கத்தில் காப்பிப்பொடி வாங்குவதைப் போல. இரண்டாவது ஆல்டர்னேட்டரைக் கழற்றி எல்லாவற்றையும் 12 வோல்ட்டுக்கு மாற்றியிருந்தால், அது அநேகமாகப் பட்டாளத்துக்குப் பின் வந்தவர்களின் கைவேலை. எந்த மாற்றம் யார் காலத்தது என்று பிரிக்க இது நல்ல கோடு.

இருக்கைக்குப் பின்னால் கைவிட்டுப் பார்க்க மறக்காதீர்கள். 1980களில் அமெரிக்கப் படைகளுக்கு வந்த பொட்டலச் சாப்பாடான எம்ஆர்இயின் பிளாஸ்டிக் கரண்டியோ, உறையின் கிழிசலோ அங்கே கிடக்கலாம். உறையின் நிறம் முதலில் கரும்பழுப்பு, 1990களின் நடுவில் வெளிர்மணல் நிறமானது. ஒரு கிழிசல்கூட வண்டியில் யாரோ எந்தக் காலத்தில் சாப்பிட்டார்கள் என்று சொல்லும். எங்கோ ஒரு மழையில், தார்ப்பாயின்கீழ், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஓர் இளைஞன் அதைப் பிரித்திருப்பான். இந்தத் தேடலில் மனதை நிறுத்திவைப்பது, எனக்கு, இப்படிப்பட்ட சிறு பொருள்கள்தான்.

இப்போது காகிதம். காகிதம் ஏன் கிடைப்பதில்லை என்பதைப் புரிந்துகொண்டால் ஏமாற்றம் குறையும்.

வீட்டில் மளிகைக் கணக்கு நோட்டு ஒன்று இருக்கும். பால் எத்தனை லிட்டர், சிலிண்டர் எப்போது வந்தது, மிக்சி பிளேடு எப்போது மாற்றினோம் எல்லாம் அதில் உண்டு. அடுப்பு எரியும்வரை அது உயிருள்ள நோட்டு. வருடம் முடிந்தால் பழைய பேப்பர்க்காரருக்கு. வண்டியின் லாக்புக்கும் அதே குணம்தான். அன்றாடச் சோதனைக்கு டிஏ 2404, பராமரிப்பு அட்டவணைக்கு டிடி 314, வண்டியை வெளியே எடுத்துப்போன பதிவுக்கு டிடி 1970 என்று படிவங்கள் உண்டு. இவை வண்டியை ஓட வைப்பதற்கு எழுதியவை. நாற்பது ஆண்டு கழித்து யாராவது கேட்பார்கள் என்று எழுதியவை அல்ல. இவற்றுக்குள் நமக்கு மிக அருமையானது டிஏ 2408-9. வண்டியை ஏற்றுக்கொண்டபோதும், ஒரு பிரிவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றியபோதும், கழித்துவிட்டபோதும் அதில் குறித்தார்கள். ஏலத்தில் வந்த வண்டியின் கையுறைப் பெட்டியில் இது இருந்தால் பொற்கிண்ணம் கிடைத்த மாதிரி. பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள்.

1973ஆம் ஆண்டு செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்தில் நடந்த தீ விபத்தைச் சொல்லி 'எல்லாம் அதில் போய்விட்டது' என்று யாராவது கையை விரிக்கலாம். அங்கே எரிந்தவை வீரர்களின் பணிக்கோப்புகள். 1980களில் பிறந்த வண்டிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

கழித்துவிட்ட பொருள்கள் போகும் பாதைக்கும் அடுக்களைக்கும் ஒரு நெருக்கமான உறவு இருக்கிறது. ராணுவத்தின் உபரிப் பொருள்களைக் கைமாற்றும் அமைப்பின் தலைமையகம் மிச்சிகனில் பேட்டில் கிரீக் நகரில் இருக்கிறது. அந்தக் கட்டடம் கார்ன்ஃபிளேக்ஸுக்குப் பெயர்போன கெல்லாக் நடத்திய பழைய சானட்டோரியம். இரண்டாம் உலகப் போரில் ராணுவ மருத்துவமனையாக மாறி, பிறகு அரசு அலுவலகமானது. படைகள் வாங்கும் ஒவ்வொரு பொருளுக்கும் 13 இலக்க இருப்பு எண் தரும் அட்டவணை வேலையும் அந்த ஊரில்தான். பிரம்மாண்டமான அஞ்சறைப் பெட்டி என்று நினைத்துக்கொள்ளுங்கள். முதல் நான்கு இலக்கங்கள் எந்த அறை என்று சொல்லும்: 2320 என்றால் லாரி வகை வண்டி, 7330 என்றால் அடுக்களைக் கைக்கருவி. பிக்கப்பும் கரண்டியும் ஒரே பெட்டியின் வேறு வேறு அறைகள். 1974க்கு முன் இந்த எண் 11 இலக்கமாக இருந்தது. அதனால் ஒரு பாகத்தின் சீட்டில் 11 இலக்கம் கண்டால் அது இந்த வண்டிக்கு முந்தைய காலத்துச் சரக்கு.

அரசிடமிருந்து வண்டி வெளியே போகும்போது எஸ்எஃப் 97 என்ற சான்றிதழ் கொடுப்பார்கள். வண்டி எண்ணும், எந்த அமைப்பு யாருக்கு எப்போது கொடுத்தது என்பதும் அதில் இருக்கும். அதை வைத்துத்தான் மாநிலத்தில் உரிமைப் பத்திரம் வாங்க முடியும். முந்தைய உரிமையாளர் அதன் நகலை வைத்திருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். இவ்வகை வண்டிகளில் பல நேராக ஏலத்துக்கு வரவில்லை. அமெரிக்க மத்திய வனத்துறை, உபரி ராணுவ வண்டிகளை மாநில வனத்துறைகள் வழியாகக் கிராமத் தீயணைப்பு நிலையங்களுக்குக் கடனாகக் கொடுத்தது. தண்ணீர்த் தொட்டியும் பம்பும் ஏற்றிக்கொண்டு புல்வெளித் தீயை அணைக்க அவை ஓடின. பட்டாளத்தில் இருந்ததைவிட அதிக காலம் அங்கே உழைத்த வண்டிகளும் உண்டு. சிவப்புப் பூச்சின்கீழ் ஓர் ஊர்ப் பெயர் கிடைத்தால் அந்த நிலையத்துக்கு நேரே பேசுங்கள். அங்கே வண்டியை ஓட்டியவர் இன்னும் அதே ஊரில் இருக்க வாய்ப்பு அதிகம். அவர் நினைவு எந்தப் படிவத்தையும்விட விரிவாக இருக்கும்.

1966ஆம் ஆண்டுத் தகவல் சுதந்திரச் சட்டத்தின்கீழ் ராணுவத்துக்கு எழுதலாம். எழுதுங்கள், தவறில்லை. வண்டி எண், ராணுவப் பதிவெண், ஒப்பந்த எண், தெரிந்த பிரிவு, தேதி என எல்லாவற்றையும் கொடுத்துக் குறிப்பாகக் கேட்க வேண்டும். 'என் வண்டியின் வரலாறு வேண்டும்' என்று மொட்டையாகக் கேட்டால் 'பதிவு இல்லை' என்ற பதில்தான் எளிது. படைப்பிரிவின் பெயர் கிடைத்துவிட்டால் கதவுகள் அதிகம் திறக்கும். மேரிலாந்தில் காலேஜ் பார்க்கில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் படைப்பிரிவுகளின் பதிவுகளும் புகைப்படங்களும் உண்டு. அந்தப் பிரிவின் பழைய வீரர் சங்கங்களில், பெட்டிக்குள் ஆல்பம் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஆள்தான் படத்தில் முக்கியம் என்று எடுத்திருப்பார்கள். பின்னால் நிற்கும் வண்டியின் பம்பர் நமக்கு முக்கியம்.

கண்டதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதும்போது இரண்டு மை வைத்துக்கொள்வது நல்லது. தகட்டிலும் படிவத்திலும் பார்த்தது ஒரு நிறம். ஊகித்தது இன்னொரு நிறம். ஓராண்டு கழித்து நமக்கே ஊகம் உண்மையாகத் தோன்ற ஆரம்பிக்கும். மூன்றாவது ஆளிடம் சொல்லும்போது அது கதையாகிவிடும்.

எல்லாம் முடிந்து புதுப் பூச்சு அடிக்கும் நாள் வரும். பம்பரில் என்ன எழுதுவது என்ற கேள்வியும் வரும். பிரிவு தெரிந்திருந்தால் அதை அப்படியே எழுதலாம், கையேடு சொன்ன அளவில், அதே எழுத்தில். தெரியாவிட்டால் புகழ்பெற்ற ஒரு பிரிவின் பெயரை எடுத்து ஒட்டிவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. எனக்கு அது உறுத்துகிறது. அந்தப் பெயரின்கீழ் உழைத்தவர்களும் செத்தவர்களும் இருக்கிறார்கள். கடையில் வாங்கிய தவலையில் யாரோ ஒருவர் பாட்டியின் பெயரை வெட்டி 'எங்கள் வீட்டுச் சீர்' என்று வைப்பதில்லை அல்லவா? பம்பரை வெறும் பச்சையாகவே விட்டுவிடுங்கள். ஆல்பம் வைத்திருக்கும் யாராவது ஒருவர் நாளைக்கு எழுதினாலும், எண் எழுத அங்கே இடம் இருக்கும்.